இரண்டு ஆங்கிலச் சொற்கள்: மொன்சால்வாட்ஜேயின் 'ஐந்து கறுப்புப் பாடல்கள்'

ஸ்பானிய மொழியில் அமைந்த ஐந்து பாடல்கள். அனைத்தையும் பாடி முடிக்க ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆகும். அந்த 12 நிமிடங்களுக்குள் ஆங்கிலச் சொற்கள் இரண்டே இரண்டு வருகின்றன. முதல் பாடல் 'யெஸ்' என்ற சொல்லோடு முடிகிறது. நான்காம் பாடல் முடியும் தறுவாயில், பல்லவி திரும்புவதற்குச் சற்று முன், 'க்ரூம்' என்ற சொல் வருகிறது. ஸ்பெயினின் கலைப்பாடல்களுள் உலக மேடைகளில் பெரிதும் பாடப்படுபவற்றில் ஒன்றான இந்தப் பாடல்வரிசையை, பெரும்பாலான கேட்போர் அதன் இனிமைக்காகவும் தாளத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த இனிமைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை அறிய, இந்த இரண்டு சிறு சொற்களும் போதுமான திறவுகோல்களாக உள்ளன.

பாடல்வரிசையின் பெயர் 'சிங்கோ கன்சியோனெஸ் நெக்ராஸ்', அதாவது 'ஐந்து கறுப்புப் பாடல்கள்'. இசையமைத்தவர் ஷாவியேர் மொன்சால்வாட்ஜே. கட்டலோனியாவின் ஜிரோனா நகரில் 1912இல் பிறந்து, பார்சிலோனாவில் வாழ்ந்து, 2002இல் மறைந்தவர். இசையமைப்பாளராக மட்டுமன்றி, 'தெஸ்தினோ' வார இதழின் இசை விமர்சகராகவும் நீண்ட காலம் அறியப்பட்டவர். 1945ஆம் ஆண்டில் பாடகி மெர்ஸேதெஸ் ப்ளாந்தாதாவுக்காக ஒரு தாலாட்டை அவர் எழுதினார். அந்த ஒற்றைப் பாடல் பெற்ற வரவேற்பே மற்ற நான்கையும் எழுதத் தூண்டியது. இன்று வரிசையில் நான்காவதாக நிற்கும் தாலாட்டு உண்மையில் முதலில் பிறந்தது. மற்றவை அதைச் சுற்றி வளர்ந்தவை. பியானோவுக்காக எழுதப்பட்ட இந்தப் பாடல்களுக்குப் பின்னர், 1949இல், இசையமைப்பாளரே முழு இசைக்குழு வடிவமும் தந்தார். விக்டோரியா தெ லோஸ் ஆன்ஹெலெஸ் போன்ற பாடகியர் இவற்றை ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் கொண்டு சென்றனர்.

பாடல்களின் கவிஞர்கள் நால்வர். முதல் பாடல் 'பியானோவுக்குள் கூபா'. அதை எழுதியவர் ஸ்பானியக் கவிஞர் ரஃபாயெல் ஆல்பெர்த்தி. இரண்டாவது, பதினெட்டாம் நூற்றாண்டின் ஹபனேரா என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் சிறு பாடல்; அது மொன்சால்வாட்ஜேயின் நண்பரும் இதழாளருமான நெஸ்தோர் லுஹான் எழுதியது. மூன்றாவது 'செவெரே', ஐந்தாவது 'கறுப்புப் பாட்டு'. இரண்டும் கூபாவின் நிகோலாஸ் கியேன் எழுதியவை. நான்காவது, 'ஒரு கறுப்புக் குழந்தையை உறங்க வைப்பதற்கான தாலாட்டு'. எழுதியவர் உருகுவே நாட்டின் இல்டெஃபோன்சோ பெரேதா வால்தேஸ். இந்த நால்வருள் ஆப்பிரிக்க மரபில் வந்தவர் கியேன் ஒருவரே. இசையமைப்பாளரும் முதற்பாடகியும் கட்டலோனியர்கள். 'கறுப்புப் பாடல்கள்' என்ற தலைப்பின் கீழ் யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அக்கேள்வியை வெறும் குற்றச்சாட்டாக எழுப்பினால் பயன் குறைவு. இந்தப் பாடல்கள் ஏன் அந்த ஊரில், அந்த ஆண்டில் எழுந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனா பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. அதன்பின் கத்தலான் மொழி பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் பொதுவெளியிலிருந்தும் துரத்தப்பட்டது. புதிய அரசு 'ஹிஸ்பானிதாத்' என்ற பெயரில் பழைய பேரரசின் பெருமையைப் போற்றியது. அமெரிக்கக் கண்டத்தை ஸ்பெயினின் ஆன்மிகக் குழந்தையாகச் சித்திரித்தது. இசைத்துறையிலும் இளம் கட்டலோனிய இசையமைப்பாளர் ஒருவருக்கு முன் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, பார்சிலோனாவின் மேல்தட்டு ரசனையில் ஆழ வேரூன்றியிருந்த வாக்னர் மரபு. மற்றொன்று, ஃபாயாவைப் பின்பற்றியவர்கள் வளர்த்த, ஆண்டலூசியாவையும் காஸ்டீலையும் ஸ்பெயினின் முகமாகக் காட்டும் தேசிய இசை. இவ்விரண்டிலும் மொன்சால்வாட்ஜேயின் மனம் ஒட்டவில்லை. அவருக்குப் பிடித்தது பிரெஞ்சு இசையாளர்களின் தெளிவும் நகைச்சுவையும். மியோ, பூலாங்க் போன்றோர் தெருவிலும் துறைமுகத்திலும் கேட்ட இசையைக் கூச்சமின்றி எடுத்தாண்ட விதம்.

அவர் கண்டுகொண்ட துறைமுக இசை, கட்டலோனியாவின் கோஸ்தா பிராவா கடற்கரையின் மீனவர் விடுதிகளில் பாடப்பட்டுவந்த ஹபனேரா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையிலிருந்து ஏராளமானோர் வணிகர்களாகவும் மாலுமிகளாகவும் படைவீரர்களாகவும் கூபாவுக்குச் சென்றனர். பொருள் சேர்த்துத் திரும்பியவர்களை ஊரார் 'இந்தியானோக்கள்' என்றழைத்தனர். அவர்கள் ஊர் திரும்பி, முற்றத்தில் பனைமரம் நட்டுப் பெரிய வீடுகளைக் கட்டிக்கொண்டனர். பொருள் சேர்க்காமல் திரும்பியவர்கள் பாடல்களைக் கொண்டுவந்தனர். அந்தப் பாடல்களைத் தேடிக் கேட்டுக் குறித்துக்கொள்வதில் மொன்சால்வாட்ஜேக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. லுஹானுடனும் ஓவியர் ஜோசெப் மரியா ப்ரிம்முடனும் சேர்ந்து 1948இல் 'ஹபனேராத் தொகுப்பு' ஒன்றையும் அவர் வெளியிட்டார். காலேயா தெ பலாஃப்ருஜெல் என்ற கடற்கரை ஊரில் 1967 முதல் ஆண்டுதோறும் ஹபனேராப் பாட்டுக்கூட்டம் நடைபெறுகிறது. இன்று ஹபனேராவைக் கட்டலோனியர் தம் மண்ணின் பாட்டாகவே கருதுகிறார்கள்.

ஆனால் அந்தத் தாளம் வந்த வழி நீளமானது. ஒரு சுற்றை எட்டுச் சிறு அலகுகளாகப் பிரித்தால், ஹபனேராவின் அடிகள் 3, 1, 2, 2 என விழுகின்றன. நடுவில் உள்ள ஓர் அலகை அடுத்ததோடு இணைத்துவிட்டால் 3, 3, 2 என்ற ஏற்றத்தாழ்வான நடை கிடைக்கும். கரீபிய இசை முழுவதும் பரவிக் கிடக்கும், ஆப்பிரிக்க மூலம் கொண்டதாகக் கருதப்படும் நடை அது. ஐரோப்பிய அரங்குகளின் நேரான கோந்த்ரதான்சா நடனம் ஹவானாவுக்குப் போய் இந்த நடையைப் பெற்றது. பெறச் செய்தவர்கள் அங்கே வாசித்த இசைஞர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கூபாவின் தொழில்முறை இசைஞர்களுள் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்களும் கலப்பு மரபினரும்தாம். கலைகள் நிறமுடையோர் கைக்குப் போய்விட்டன என்று அக்கால வெள்ளைக் கூபர்கள் எழுதி வருந்தியிருக்கிறார்கள். 1844இல், அடிமைக் கிளர்ச்சிச் சதி என்ற குற்றச்சாட்டின் பேரில் காலனி அரசு நடத்திய ஒடுக்குமுறையில் இந்த வகுப்பே சிதைக்கப்பட்டது. கவிஞர் ப்ளாசிதோ உட்படப் பலர் கொல்லப்பட்டனர். தாளம் மட்டும் கப்பலேறிப் பிழைத்தது. இராதியேரின் 'லா பலோமா' வழியே உலகெங்கும் பரவியது. அவருடைய இன்னொரு மெட்டு வழியே 1875இல் பிஸேயின் 'கார்மென்' இசைநாடகத்துக்குள் புகுந்தது. கட்டலோனிய மீனவர் விடுதியில் வந்து தங்கியது. மொன்சால்வாட்ஜேயின் காதுக்கு எட்டியபோது அது உள்ளூர்ப் பாட்டு.

இந்தப் பின்புலத்தோடு முதல் பாடலுக்குத் திரும்பலாம். ஆல்பெர்த்தி பிறந்தது 1902இல், காதிஸ் விரிகுடாவின் ஒரு துறைமுக ஊரில். ஸ்பெயின் கூபாவை இழந்தது 1898இல். ஆகவே அவர் கவிதை நினைவுகூரும் காலம் அவர் வாழாத காலம்: தாய் இளமையாக இருந்த காலம், கப்பல்களின் புகையில் ஹவானாவின் மணம் வீசிய காலம். பழைய ஹபனேராக்களின் துணுக்குகள், தொலைவிலிருந்து கேட்கும் சிறைக்கோட்டைகளின் பெயர்கள், கலகக்காரத் தோரணையோடு திரும்பும் ஓர் உறவினர், போரில் தோற்றுத் தப்பிவரும் சிறு கப்பல் எனப் பலவும் ஒரு வீட்டுப் பியானோவுக்குள்ளிருந்து எழும் ஒலிகளைப்போல அடுத்தடுத்து வந்து மறைகின்றன. மொன்சால்வாட்ஜேயின் இசையும் அப்படியே நடக்கிறது: ஹபனேராத் தாளம் தொடங்கும், தயங்கும், பேச்சாக உடையும், மீண்டும் தொடங்கும். ஏக்கம் நிறைந்த இசை இது. கேட்பவர் அந்த ஏக்கத்தில் அமிழத் தொடங்கும்போது கவிதை ஒரு கணக்கைச் சொல்லி முடிகிறது. கூபா போனது, அதன் பிறகு அங்கே ஸ்பானிய 'சி' என்ற ஆமோதிப்பை ஆங்கில 'யெஸ்' ஆக்கிவிட்டார்கள்.

இது வெறும் சொல்விளையாட்டு என்று தோன்றலாம். கவிதை இடம்பெற்ற நூல் 1936இல் வெளிவந்தது. அதன் தலைப்பு '13 பட்டைகளும் 48 விண்மீன்களும்'. அன்றைய அமெரிக்கக் கொடியின் பட்டைகளும் விண்மீன்களும் அவை. 1935இல் கரீபியப் பகுதியில் பயணம் செய்த ஆல்பெர்த்தி, கூபாவை இழந்த ஸ்பெயினுக்காக அழவில்லை. விடுதலை பெறுவதற்குள் வேறொரு முதலாளியிடம் போய்ச் சேர்ந்த கூபாவைக் கண்டார். 1899 முதல் 1902 வரை அமெரிக்க இராணுவ ஆட்சி. அதன்பின் குடியரசு, ஆனால் 1901ஆம் ஆண்டின் ப்ளாட் திருத்தத்தின்படி, அமெரிக்கா விரும்பும்போது தலையிடும் உரிமை 1934 வரை அந்நாட்டின் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரு பேரரசு விடைபெற்ற கதவின் வழியே இன்னொன்று நுழைந்தது என்பதே அந்த 'யெஸ்'.

1945ஆம் ஆண்டின் பார்சிலோனாவில் இந்தப் பாடல் பாடப்பட்டபோது ஆல்பெர்த்தி நாட்டில் இல்லை. பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த அவர் 1939இல் நாட்டைவிட்டு வெளியேறி, அர்ஜென்டினாவில் அகதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். 1977 வரை அவரால் திரும்ப முடியவில்லை. பேரரசுப் பெருமை பேசிய ஆட்சியின் கீழ், பேரரசு முடிந்த கதையை ஒரு அகதியின் சொற்களில் பாடகி ஒருவர் மென்மையாகப் பாடினார். அதைக் கேட்ட அரங்கில் இருந்தோர் ஏக்கத்தைக் கேட்டார்களா, கவிஞரின் பெயரைக் கேட்டார்களா என்பதை ஒவ்வொரு காதும் தனக்குள் தீர்மானித்திருக்கும்.

இரண்டாம் பாடல் மிக இலேசானது. வெண்ணிறக் குடைப்பாவாடை அணிந்த கிரியோல் இளம்பெண் ஒருத்தி நடந்து போகிறாள். மாலுமிகள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அவள் மேனியில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளின் மணம். இசை சிற்றலையாக ஓடுகிறது. அந்த அழகு வருணனையின் நடுவே லுஹான் அவளுடைய இடைக்கு ஓர் உவமை தேடுகிறார். கிடைத்த உவமை, சவுக்கு. கரும்புத் தோட்டத் தீவொன்றின் பதினெட்டாம் நூற்றாண்டைக் கற்பனை செய்யும் பாடலில், வெண்ணிற ஆடை அணிந்த பெண்ணின் இடை சவுக்கின் மிடுக்கோடு துவள்கிறது. கவிஞர் அதை எந்த உள்நோக்கத்தோடும் எழுதியதாகத் தெரியவில்லை. அழகான, துவளும் பொருள் ஒன்றாகவே சவுக்கு அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதுவே அந்த உவமையைக் கவனிக்க வைக்கிறது. ஏக்கம் பழைய காலத்தைத் துடைத்து மெருகேற்றும்போது, கருவிகள்கூட அணிகலன்களாகிவிடுகின்றன.

மூன்றாம் பாடலில் ஒளி அணைகிறது. கியேனின் 'செவெரே' சில அடிகளே கொண்ட கவிதை. கத்திக்குத்தில் பேர்போன ஒருவன் தானே கத்தியாகிறான். நிலாவை வெட்டுகிறான், நிழலை வெட்டுகிறான், பாட்டை வெட்டுகிறான், இறுதியில் தன் பெண்ணை வெட்டுகிறான். மொன்சால்வாட்ஜே இதற்கு நடனத் தாளம் எதையும் தரவில்லை. பியானோ கனத்த சுரக்கூட்டுகளை இடைவெளி விட்டு வைக்கிறது. குரல் பேச்சுக்கு அருகில் நின்று நகர்கிறது. முதலிரண்டு பாடல்களின் கரீபியம் கடலுக்கு அக்கரையிலிருந்து பார்த்த கரீபியம். இங்கே முதன்முறையாக உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. அது அழகாக இருக்க முயலவில்லை.

கியேன் 1902இல் காமகுவே நகரில் பிறந்தவர். 1930இல் ஹவானா நாளிதழ் ஒன்றில் 'சோன் கருக்கள்' என்ற எட்டுக் கவிதைகளை வெளியிட்டு, ஹவானாவின் ஏழைக் கறுப்பர்கள் பேசும் பேச்சை, அவர்கள் பாடும் சோன் பாட்டின் வடிவிலேயே கவிதையாக்கியவர். அடுத்த ஆண்டு வெளிவந்த 'சோங்கோரோ கொசோங்கோ' நூலில்தான் 'செவெரே'யும் 'கறுப்புப் பாட்டு'ம் உள்ளன. அந்நூலின் முன்னுரையில் அவர் தம் கவிதைகளைக் கலப்பு மரபுக் கவிதைகள் என்றே அழைத்தார்; கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு நிறமே கூபாவின் நிறம் என்று வாதிட்டார். கூபாவின் அமதேயோ ரோல்தான் 1934இலேயே 'சோன் கருக்க'ளுக்குக் கூரிய, சிக்கலான இசை அமைத்திருந்தார். ஆகவே மொன்சால்வாட்ஜே கியேனை இசைக்குக் கண்டுபிடித்தவர் அல்லர். ஏற்கெனவே அதன் சொந்த ஊரில் இசையாகியிருந்த கவிதையைத் தாமதமாகச் சந்தித்தவர். கியேனுக்கும் பார்சிலோனாவுக்கும் வேறோர் உறவும் உண்டு. 1937இல், உள்நாட்டுப் போரின் நடுவில், பாசிச எதிர்ப்பு எழுத்தாளர் மாநாட்டுக்காக அவர் ஸ்பெயின் வந்தார். குடியரசுத் தரப்புக்காகக் கவிதை எழுதினார். அவ்வாண்டிலேயே பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, தோற்ற தரப்பின் நகரில், அவர் சொற்கள் பியானோவின் துணையோடு திரும்பி வந்தன.

இனி, தாலாட்டு. பாடல்வரிசை முழுவதும் பிறந்த இடம் இதுதான். தாய் ஒருத்தி உறங்க மறுக்கும் குழந்தையை உறங்க வைக்கிறாள். தேங்காயும் காப்பிக்கொட்டையும் குழந்தைக்கு உவமைகள். அகல விழித்த கண்கள் கடலைப் பார்க்கும் சாளரங்கள். பியானோ தொட்டிலைப்போல ஆடுகிறது. அதன் சுரக்கூட்டுகளில் மெல்லிய உரசல் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. அது தீர்வதும் இல்லை, வலிப்பதும் இல்லை. உலகெங்கும் பாடகியர் தனிப்பாடலாக எடுத்துப் பாடுவது இதையே.

இந்தத் தாலாட்டின் இறுதிப் பகுதியில் தாய் குழந்தையிடம் இரண்டு செய்திகளைச் சொல்கிறாள். நீ இனி அடிமை இல்லை என்பது முதற்செய்தி. நன்றாக உறங்கினால், பொத்தான்கள் வைத்த உடுப்பு ஒன்றை வீட்டு எசமானர் வாங்கித் தருவார், நீ 'க்ரூம்' ஆகலாம் என்பது இரண்டாவது. இங்கே வரும் 'க்ரூம்', பெரிய வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் வரிசைப் பொத்தான் வைத்த சீருடை அணிந்து ஏவல் வேலை செய்யும் சிறுவன். ஸ்பானியப் பேச்சில் அத்தகைய சிறுவனுக்குப் பொத்தான்கள் என்று பொருள்படும் 'போத்தோனெஸ்' என்பதே பெயர். அதாவது, உடுப்பே ஆளின் பெயராகிவிட்டது. அடிமை இல்லை என்ற சொல்லுக்கும் ஏவலாள் என்ற சொல்லுக்கும் இடையே சில நொடிகளே கடக்கின்றன. அதற்குள் ஒரு நூற்றாண்டின் வரலாறு நடந்து முடிகிறது.

இது கவிஞரின் மிகைக் கற்பனையா என்றால், சட்டநூல்கள் இல்லை என்கின்றன. ஸ்பெயின் 1870இல் இயற்றிய மோரெத் சட்டம், கூபாவில் அடிமைத்தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள் என்று அறிவித்தது. அதே சட்டம், அக்குழந்தைகள் 18 வயது வரை தாயின் எசமானரது 'பாதுகாப்பில்' இருந்து அவருக்காக உழைக்க வேண்டும் என்றும் விதித்தது. 1880ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையைப் பெயரளவில் ஒழித்து, விடுவிக்கப்பட்டவர்களைப் பழைய எசமானர்களின் காப்பாட்சியின் கீழேயே வைத்தது. அதுவும் முடிந்தது 1886இல்தான். கவிஞரின் சொந்த நாடான உருகுவேயிலும் 1842ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டம் ஆண்களைப் படைக்கு எடுத்துக்கொண்டு, பெண்களையும் சிறுவர்களையும் பழைய வீடுகளிலேயே காப்பாட்சியின் கீழ் விட்டுவைத்தது. பெரேதா வால்தேஸ் தம் நாட்டுக் கறுப்பர்களின் வரலாற்றையும் வழக்காறுகளையும் ஆராய்ந்த வெள்ளையர். இந்தச் சட்டங்களின் இயல்பு அவருக்குத் தெரியாததன்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தை சட்டப்படி சுதந்திரமானது. அதன் எதிர்காலம் வீட்டு எசமானரின் வாக்குறுதி. பொத்தான் உடுப்பு அந்தச் சட்டத்தின் சுருக்கம்.

முதல் பாடலின் 'யெஸ்'ஸும் இந்தத் தாலாட்டின் 'க்ரூம்'மும் இப்போது ஒன்றையொன்று பார்க்கின்றன. முன்னது ஒரு தீவுக்குக் கிடைத்த விடுதலையின் அளவு. பின்னது ஒரு குழந்தைக்குக் கிடைத்த விடுதலையின் அளவு. இரண்டிலும் பழைய எசமானரின் மொழி விலகி, புதிய நாகரிகத்தின் மொழி வந்து அமர்கிறது. இரண்டிலும் பணிபவர் பணிபவராகவே இருக்கிறார். ஐந்து கவிதைகளையும் ஒரே கவிஞர் எழுதவில்லை. இவ்விரு சொற்களையும் எதிரெதிரே வைக்கும் திட்டம் இசையமைப்பாளருக்கு இருந்தது என்று கூறச் சான்றும் இல்லை. எனினும் பாடல்களைத் தேர்ந்து வரிசைப்படுத்திய கை அவருடையது. அந்த வரிசையைக் கேட்பவருக்கு இந்த உறவு கேட்கவே செய்கிறது. குறிப்பாக, முதல் பாடலின் துயரத்தைத் தாலாட்டு திருத்துகிறது. கூபா போனது ஸ்பெயினுக்கு இழப்பு. அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அங்கே இழக்க என்ன இருந்தது என்று தாலாட்டு, குரலை உயர்த்தாமல், கேட்கிறது.

ஐந்தாம் பாடல் விரைவும் ஆர்ப்பாட்டமும் கொண்டது. கியேனின் 'கறுப்புப் பாட்டு', பொருளைவிட ஒலியை முன்வைக்கும் சொற்களால், ஆப்பிரிக்க மொழிகளின் எதிரொலி போன்ற அசைகளால் ஆனது. பாடி, குடித்து, ஆடித் தள்ளாடும் ஒருவனின் படம். பியானோ ஏறத்தாழத் தோற்கருவியாகிறது. மேடையில் இது கைதட்டலை வாங்கும் முடிவு, ஐயமில்லை. இங்கே ஓர் இடர் உண்டு. கியேனின் கையில் இந்த அசைகள், ஹவானாவின் மேல்தட்டு தன் காதிலிருந்து விலக்கிவைத்த ஒலியை இலக்கியத்தின் நடுவில் அமர்த்தும் செயல். 1912இல், மொன்சால்வாட்ஜே பிறந்த அதே ஆண்டில், சம உரிமை கேட்டு எழுந்த ஆப்பிரிக்கக் கூபர்களை அந்நாட்டு அரசே ஆயிரக்கணக்கில் கொன்றிருந்தது. அந்நிலத்தில் இந்த ஒலியை அச்சில் ஏற்றுவது எளிய விளையாட்டு இல்லை. பார்சிலோனாவின் இசையரங்கில், மாலை உடை அணிந்த பாடகியின் வாயில், அதே அசைகள் வேடிக்கையாக மாறிவிடும் வாய்ப்பு மிகுதி. எழுத்தும் இசையும் மாறாதிருக்க, கடலைக் கடக்கும்போது பொருள் மட்டும் இடம் மாறுகிறது.

இந்தக் கடற்பயணத்தின் செலவுக்கணக்கு பார்சிலோனாவின் ஒரு சதுக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கோமில்யாஸ் கோமகன் அந்தோனியோ லோபெஸ், கூபாவில் செல்வம் சேர்த்துத் திரும்பிய பெருவணிகர். கப்பல் நிறுவனமும் வங்கியும் நடத்தியவர். அடிமை வணிகத்தில் அவருக்கிருந்த பங்கு அவர் காலத்திலேயே பேசப்பட்டது. அவருக்கு 1884இல் நகரத் துறைமுகத்தின் அருகே சிலை எழுப்பினர். 1936இல், போரின் தொடக்கத்தில், அது வீழ்த்தப்பட்டது. 1944இல், பிராங்கோ ஆட்சியில், மீண்டும் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நகரில் மொன்சால்வாட்ஜேயின் தாலாட்டு பாடப்பட்டது. 2018இல் நகர நிர்வாகம் சிலையை அகற்றியது. தாலாட்டு இன்றும் பாடப்படுகிறது.

இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு பொருந்தாது. சிலை ஒருவரைப் போற்றி நிற்பதற்காகவே செய்யப்பட்டது. வேறு எதையும் அது சொல்ல வல்லதன்று. பாடலோ தன் ஏக்கத்துக்கு எதிரான சாட்சியத்தையும் தனக்குள் வைத்திருக்கிறது. சவுக்கு உவமையாக வந்து போகும் அதே வரிசையில்தான் பொத்தான் உடுப்பும் வருகிறது. ஆகவே, வெள்ளைக் கட்டலோனியர் ஒருவர் கறுப்பர் குரலைக் கடன் வாங்கியதால் இதைப் பாடத்திட்டத்திலிருந்தும் மேடையிலிருந்தும் விலக்க வேண்டும் என்ற வாதம், பாடல் தானே எழுப்பும் வழக்கைக் கேளாமல் கதவை அடைக்கிறது. மறுபுறம், இனிய தாலாட்டு, துள்ளும் ஹபனேரா என்று மட்டும் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதி முடிப்பது, தாய் சொன்ன இரண்டாம் செய்தியை மொழிபெயர்க்காமல் விடுவதற்குச் சமம். கலைப்பாடலைக் கற்பிப்போர் சுரத்தையும் மூச்சையும் உச்சரிப்பையும் கற்பிப்பதோடு, அந்த ஒற்றைச் சொல்லில் பாடகர் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் கற்பிக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடவும் முடியும். கடக்கும் கணத்தில் குரலின் நிறத்தைச் சற்றே மாற்றவும் முடியும். அந்த முடிவு இசையமைப்பாளருடையதன்று, பாடுபவருடையது.

ஒப்பிலக்கியத்திலும் காலனிய வரலாற்றிலும் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இந்தப் பன்னிரண்டு நிமிடங்கள் ஒரு பயனுள்ள பயிற்சி. ஆவணக் காப்பகங்கள் ஒரு பேரரசின் முடிவை ஒப்பந்தங்களாகவும் எண்ணிக்கைகளாகவும் வைத்திருக்கின்றன. பாடல்கள் அதே முடிவை, அதைத் தூரத்திலிருந்து உணர்ந்தவர்களின் சுவையாகவும் மணமாகவும் வைத்திருக்கின்றன. சுவையை ஆவணமாக வாசிக்கும்போது எச்சரிக்கை தேவை: யாருடைய நாவு என்று கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். மொன்சால்வாட்ஜேயின் வரிசையில் அந்த நாவுகள் பல. இழந்ததாக எண்ணுவோர், பார்த்து மகிழ்வோர், வெட்டுவோர், வெட்டுப்படுவோர், ஆடுவோர் எல்லோரும் பேசுகிறார்கள். தொட்டிலில் கிடப்பவன் மட்டும் பேசவில்லை. அவன் இன்னும் உறங்கவும் இல்லை. கவிதை முழுவதும் அவன் கண்கள் திறந்தே இருக்கின்றன, கடலைப் பார்த்தபடி.